ரஷ்ய மொழி இரண்டாம் ஆண்டு: விடுவதா, தொடர்வதா?

கேள்வி: நான் தன்லினில் (எங்கள் வீட்டில் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள்) இருக்கிறேன். யாங்கூனில் ரஷ்ய மொழியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் கேட்டது ஜப்பானிய மொழி. மார்க் போதாததால் ரஷ்ய மொழி கிடைத்தது. முதல் வருஷம் நன்றாகப் போயிற்று. இந்த வருஷம் வேற்றுமை அட்டவணை, வினை ஜோடி என்று ஆரம்பித்ததிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. நடுப்பருவத் தேர்வில் 41 மார்க். வகுப்பில் சிலர் நின்றேவிட்டார்கள். அப்பா, “இதை விட்டுவிட்டுக் கொரிய மொழி படி, சீக்கிரம் வேலைக்குப் போகலாம்” என்கிறார். மாமாவோ, “ரஷ்யாவிலேயே இலவசமாகப் படிக்கலாம், எழுதிப் போடு” என்கிறார். வீட்டில் தமிழ், வெளியில் பர்மிய மொழி, ஆங்கிலம் சுமார். வாரம் பத்து மணி நேரம் வகுப்பு. பஸ்ஸில் போகவரத் தினம் மூன்று மணி நேரம் ஆகிறது. ஆசிரியர் போர்டில் எழுதும் கையெழுத்தைக்கூட என்னால் சரியாகப் படிக்க முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?
— வாசகி, தன்லின்

பதில்:

தங்கைக்கு,

அந்த 41-ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரஷ்ய மொழியில் இரண்டாம் ஆண்டுதான் பலரும் சறுக்கும் இடம். முதல் வருஷத்தில் 33 எழுத்து, அறிமுகப் பேச்சு, எண்கள், ஒருமைப் பெயர், நிகழ்காலம் என்று ஓடிவிடும். இரண்டாம் வருஷத்தில் பன்மை வேற்றுமைகள், முடிந்த செயலுக்கும் முடியாத செயலுக்கும் தனித்தனி வினை, போதல் வருதல் வினைகள் என்று மூன்று சுமை ஒரே நேரத்தில் இறங்கும். சொற்களும் கூடும். அயல்நாட்டாருக்கான ரஷ்ய மொழித் தேர்வான டோர்ஃபில் கணக்குப்படி ஏ1 படிக்கு 780 சொல், ஏ2-க்கு 1300, பி1-க்கு 2300. நீங்கள் இப்போது நடுப்படியில் நிற்கிறீர்கள். அடுத்த படிக்கு ஆயிரம் சொல் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் என்றால் 200 நாள். கேட்கும்போது இருக்கிற பயம் கணக்குப் போட்டால் இருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆங்கிலம் பேசும் அமெரிக்கத் தூதரக ஊழியர்களுக்கு ரஷ்ய மொழி கற்றுக்கொடுக்க அந்நாட்டு வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனம் ஒதுக்குவது 44 வாரம், 1100 வகுப்பு மணி. வீட்டில் படிப்பது இதில் சேராது. உங்களுக்கு வாரம் பத்து மணி, ஆண்டுக்கு முப்பது வாரம் என்று வைத்தால் 300 மணி. நான்கு ஆண்டு முடிவில்தான் 1200-ஐத் தொடுவீர்கள். இப்போது கையில் இருப்பது ஏறத்தாழ 450. அந்த இடத்தில் நிற்கும் ஒருவருக்கு ரஷ்ய மொழி ‘வரவில்லை’ என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. (அதே நிறுவனத்தின் பட்டியலில் தமிழும் பர்மிய மொழியும் ரஷ்ய மொழி இருக்கும் அதே கடினப் பிரிவில்தான் இருக்கின்றன. அந்த இரண்டும் உங்களுக்குச் சும்மா வந்துவிட்டவை.)

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. ‘அட்டவணை பிடிபடவில்லை’ என்கிறீர்கள். வகுப்பில் விளக்கம் பர்மிய மொழியில், புத்தகத்தில் விளக்கம் ஆங்கிலத்தில் என்றுதான் இருக்கும். பர்மிய மொழியில் பெயருக்குப் பின்னால் உருபு வரும், ஆனால் பேச்சில் பல இடத்தில் உதிர்ந்துவிடும். ஆங்கிலத்தில் வேற்றுமையே ஏறக்குறைய இல்லை. வேற்றுமையை நாக்கிலேயே வைத்திருக்கும் மொழி உங்கள் வீட்டில் பேசுவது. அதை வீட்டு வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறீர்கள்.

தமிழில் எட்டு வேற்றுமை, ரஷ்ய மொழியில் ஆறு. எட்டில் எந்த இரண்டு குறைகிறது என்று பாருங்கள். எட்டாவதான விளி அங்கே வழக்கொழிந்துவிட்டது. ஐந்தாவது, அதாவது ‘இலிருந்து’, தனியாக இல்லை. அந்த வேலையை ஆறாவது வேற்றுமை முன்னிடைச் சொல் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. மற்ற ஆறும், எழுவாய், ஐ, ஆல்/ஓடு, கு, உடைய, இல் என்று அப்படியே வந்து உட்காரும்.

மேலே போகும் முன் ஒன்று. தமிழ் எழுத்தில் ரஷ்ய ஒலியை முழுதாகக் காட்ட முடியாது. இங்கே எழுதியிருப்பது அடையாளத்துக்கு மட்டும். ஒவ்வொன்றையும் உங்கள் நோட்டில் ரஷ்ய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வேற்றுமையை எடுங்கள். தமிழில் ‘ஆல்’, ‘ஓடு’ இரண்டும் ஒரே வேற்றுமைக்குள் இருக்கின்றன. ரஷ்ய மொழியிலும் அப்படியே. ‘கத்தியால்’ என்பது வெறும் ‘நஷோம்’. ‘நண்பனோடு’ என்பதற்கு முன்னால் ஒரு ‘ஸ்’ சேர்த்து ‘ஸ் த்ரூகம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் ‘கத்தியோடு ரொட்டி வெட்டினேன்’ என்று எழுதிவிட்டு மார்க்கைப் பறிகொடுப்பார்கள். ‘ஆல்’ என்றால் ‘ஸ்’ வேண்டாம், ‘ஓடு’ என்றால் ‘ஸ்’ வேண்டும். ‘டாக்டராக வேலை செய்கிறார்’ என்று சொல்லும்போது வருகிற ‘ஆக’வும் இதே வேற்றுமைதான்: ‘ரபோதயெத் வ்ரச்சோம்’.

நான்காவதில் இதைவிட லாபம். ‘எனக்கு இருபது வயது’, ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்குப் பிடிக்கும்’ இவை மூன்றுமே ரஷ்ய மொழியிலும் ‘எனக்கு’ என்றுதான் ஆரம்பிக்கும்: ‘ம்னே’. ‘அம்மாவுக்கு போன் செய்தேன்’, ‘தம்பிக்கு உதவினேன்’ என்று நாம் ‘கு’ போடும் இடத்தில் அவர்களும் நான்காவதைத்தான் போடுவார்கள். ஆங்கிலம் நினைவுக்கு வந்தால் இங்கே இரண்டாம் வேற்றுமை விழும், தப்பாகிவிடும். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதும் அப்படித்தான். ‘நான் வைத்திருக்கிறேன்’ என்று சொல்லும் வழக்கம் அங்கே குறைவு. ‘உ மின்யா யெஸ்த் க்னீகா’, என்னிடம் புத்தகம் உண்டு.

ஐ-உருபு ஒட்டுவதிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ‘சோறு சாப்பிட்டேன்’ என்று ஐ இல்லாமல் சொல்லலாம். ‘தம்பி பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது, ‘தம்பியை’ என்றே ஆக வேண்டும். ரஷ்ய மொழியில் ஆண்பால் ஒருமையில் உயிரில்லாத பொருளுக்கு இரண்டாம் வேற்றுமை எழுவாய் மாதிரியே நிற்கும்: ‘வீஷு ஸ்தோல்’, மேஜை தெரிகிறது. உயிருள்ளதற்கு வடிவம் மாறும்: ‘வீஷு ப்ராதா’, சகோதரனைப் பார்க்கிறேன். வித்தியாசம் ஒன்றுதான். நாம் பூனையை அஃறிணையில் சேர்ப்போம், அவர்கள் உயிருள்ளவற்றோடு சேர்ப்பார்கள். பன்மையில் இந்த விதி எல்லாப் பாலுக்கும் பொருந்தும்.

இன்னொரு இடம், இது பலருக்கும் தட்டுப்படுவதில்லை. நாம் பள்ளிக்குப் போவோம், பள்ளியில் இருப்போம், பள்ளியிலிருந்து வருவோம். ஆனால் டாக்டரிடம் போவோம், டாக்டரிடம் இருப்போம், டாக்டரிடமிருந்து வருவோம். இடத்துக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு வரிசை. ரஷ்ய மொழியிலும் அதே இரண்டு வரிசை உண்டு. இடத்துக்கு ‘வ், வ், இஸ்’. ஆளுக்கு ‘க், உ, அத்’. ‘இடம்’ என்று தமிழில் வந்தால் ஆள் வரிசையை எடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ‘பள்ளிக்கு’ என்பதில் ‘கு’ இருக்கிறதே என்று நான்காம் வேற்றுமை போட்டுவிடாதீர்கள். இடத்தை நோக்கிப் போவதற்கு அங்கே இரண்டாம் வேற்றுமை. (‘வ்’ வராமல் ‘ந’ வரும் இடங்களும் உண்டு: வேலை, தபால் ஆபீஸ், ஸ்டேஷன். அவற்றுக்கு ‘இலிருந்து’ என்பது ‘இஸ்’ இல்லை, ‘ஸ்’. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.)

தமிழ் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. ‘புத்தகம் இல்லை’ என்பதில் நாம் புத்தகத்தைத் தொடுவதில்லை. அவர்கள் ஆறாம் வேற்றுமைக்கு மாற்றிவிடுவார்கள்: ‘ந்யெத் க்னீகி’. எண்ணுக்குப் பின்னாலும் அதே கதை. ஒன்றுக்கு எழுவாய், இரண்டு முதல் நான்கு வரை ஆறாம் வேற்றுமை ஒருமை, ஐந்திலிருந்து ஆறாம் வேற்றுமைப் பன்மை. ‘அதீன் ஸ்தோல், த்வா ஸ்தலா, ப்யாத் ஸ்தலோஃப்’. இருபத்தொன்று வந்தால் மறுபடி ஒருமை எழுவாய். கடைசிச் சொல்தான் கணக்கு. சில வினைகளும் நம் எதிர்பார்ப்புக்கு எதிராகப் போகும். ‘பயப்படு’ ஆறாவதைக் கேட்கும். ‘ஈடுபடு’, ‘ஆர்வம் கொள்’ இரண்டும் மூன்றாவதைக் கேட்கும். இவற்றுக்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கம் நாற்பது வினையைத் தாண்டாது.

ஆக, எதற்கு எந்த வேற்றுமை என்பதில் பெரும்பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது ஈறுதான். தமிழில் எந்தச் சொல்லுக்கும் ஒரே ‘ஐ’, ஒரே ‘கு’. அங்கே பாலுக்கும் எண்ணுக்கும் தகுந்து ஈறு மாறும். அதைத்தான் பயிற்சி செய்ய வேண்டும், அதையும் அட்டவணையாக இல்லாமல். முழு அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிக்கிறவர்கள் தேர்வுத்தாளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லை மாற்றத் திணறுவார்கள். கேள்வி கேட்பது ‘இந்த வினைக்கு எது வேண்டும்?’ என்று, மனத்தில் இருப்பதோ வரிசை எண். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்குவதற்குள் நேரம் போய்விடும். பி1 தேர்வின் சொல்-இலக்கணத் தாளில் 60 நிமிஷத்தில் 165 கேள்வி. ஒன்றுக்கு 22 வினாடிகூட இல்லை.

ஆறு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். வாரத்துக்கு ஒரு வேற்றுமை மட்டும். வரிசை: முதலில் ‘இல்’, அடுத்து ‘ஐ’, பிறகு ‘உடைய’ ஒருமையில், பிறகு ‘கு’, பிறகு ‘ஆல்/ஓடு’. ஆறாம் வாரம் முழுவதும் ஆறாம் வேற்றுமைப் பன்மைக்கு மட்டும். நான்காவது, மூன்றாவது, ஏழாவது மூன்றிலும் பன்மையில் எல்லாப் பாலுக்கும் ஒரே ஈறு, ‘அம், அமி, அஹ்’ என்று ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆறாவதின் பன்மை மட்டும் சில சொல்லில் நீளும், சில சொல்லில் ஈறே இல்லாமல் மொட்டையாக நிற்கும், சிலவற்றில் நடுவில் ஓர் உயிரெழுத்து புதிதாக முளைக்கும். அதனால்தான் அதற்குத் தனி வாரம். ஒவ்வொரு வாரமும் பன்னிரண்டு பெயர்ச்சொல் எடுங்கள்: ஆண்பால் நான்கு, பெண்பால் நான்கு, அலிப்பால் நான்கு. பெண்பாலில் ஒன்றாவது மென்மைக்குறி (ь) என்ற எழுத்தில் முடிவதாக இருக்கட்டும், அதில்தான் எல்லாரும் விழுவார்கள். இரண்டு பெயரடை சேர்த்துக்கொள்ளுங்கள். தினம் பத்து வாக்கியம், முதலில் தமிழில் எழுதி, பக்கத்தில் ரஷ்ய மொழியில், கையால். எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் காலை தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

வினை ஜோடிக்கும் தமிழ் கொஞ்ச தூரம் கூட வரும். ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ இரண்டும் ஒன்றில்லை அல்லவா? ‘ச்சிதாலா’வுக்கும் ‘ப்ரச்சிதாலா’வுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பக்கத்தில் வரும். ‘விடு’ போட்டுச் சொல்லத் தோன்றினால் முற்றுவினை (முடிந்த செயலுக்கான வினையை இங்கே அப்படிச் சொல்கிறேன்), ‘கொண்டிருந்தேன்’, ‘வழக்கம்’, ‘அடிக்கடி’ என்றால் முற்றா வினை. ஆனால் இதை இறந்தகாலத்தில் மட்டும் நம்புங்கள். எதிர்காலத்தில் முற்றுவினையின் நிகழ்கால வடிவமே எதிர்காலமாகிவிடும். முற்றா வினைக்கு மட்டும்தான் ‘பூது’ என்ற துணை வரும். ‘பூது’வுக்குப் பின்னால் முற்றுவினை எழுதுவது திருத்துகிறவர் கண்ணில் முதலில் படும் தப்பு. ‘தொடங்கு’, ‘தொடர்’, ‘நிறுத்து’ என்ற வினைகளுக்குப் பின்னால் எப்போதும் முற்றா வினைதான். இந்த இரண்டு விதி மட்டுமே உங்களுக்கு மூன்று நான்கு மார்க் மீட்டுத் தரும்.

போதல் வினையில் நடந்து போவதா, வண்டியில் போவதா என்று முதலில் தீர்க்க வேண்டும். தமிழில் நாம் அதைக் கவனிப்பதில்லை. தன்லினிலிருந்து யாங்கூனுக்கு பஸ்ஸில் போய்விட்டு ‘ஹதீலா’ என்று எழுதினால் பாகோ ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்தே போனதாக ஆகும். ‘யேஸ்திலா’ என்று எழுத வேண்டும். அடுத்து, ‘போய்வந்தேன்’ என்றால் ‘ஹதீலா, யேஸ்திலா’ இனம். ‘போயிருக்கிறாள், இன்னும் வரவில்லை’ என்றால் ‘பஷ்லா, பயெஹலா’ இனம். ‘போயிட்டு வரேன்’ என்று தினம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஆங்கிலம் பேசுகிறவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

நீங்கள் பெண் என்பதால் ஒன்று சொல்லிவிட வேண்டும். தமிழில் ‘படித்தேன்’ என்பதில் ஆண் பெண் கிடையாது. ரஷ்ய மொழி இறந்தகாலத்தில் ‘நான்’ என்று சொல்லும்போதே உண்டு. ஆசிரியர் ஆணாக இருந்தாலோ, புத்தக உரையாடலில் ஆண் பேசினாலோ, மாணவிகள் அப்படியே திருப்பிச் சொல்லி ‘ச்சிதால்’ என்றே பழகிவிடுவார்கள். பர்மிய மொழியில் ‘நான்’ என்ற சொல்லையே பெண்ணாக மாற்றிச் சொல்லிப் பழகியவர் நீங்கள். அந்தக் கவனத்தை வினை ஈற்றுக்கு நகர்த்துங்கள்.

உச்சரிப்பில் தமிழும் பர்மிய மொழியும் சேர்ந்தே காலை வாரும் இடம் ஒன்று. இரண்டிலும் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் வல்லினம் மெலிந்துபோகும். அந்தப் பழக்கத்தில் ‘பாபா’வும் ‘பாப்பா’வும் குழம்பும்; பாட்டியும் அப்பாவும் என்ன சொல்கிறீர்கள் என்று புரியாமல் விழிப்பார்கள். வீடு என்ற ‘தோம்’, புத்தகப் பகுதி என்ற ‘தோம்’ இரண்டும் தமிழில் எழுதினால் ஒன்று. அங்கே முதல் எழுத்து வேறு. தொண்டையில் விரல் வைத்து, அதிர்கிறதா இல்லையா என்று பார்த்தே பழகுங்கள். ர-வில் உங்களுக்குக் கவலையில்லை, அதில் பர்மியத் தோழிகள்தான் உங்களிடம் கேட்க வேண்டும். ‘இ’யும் இல்லாமல் ‘உ’வும் இல்லாமல் வரும் அந்த ஒலிக்கு, ‘அது’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்தைப் பிடித்து நீட்டுங்கள். உதடு குவியக் கூடாது. நாக்கைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் ஏறக்குறைய வந்துவிடும்.

அழுத்தம் இருக்கிறதே, அதற்குத் தமிழில் உதவி இல்லை. ‘ஸாமக்’ என்றால் கோட்டை, ‘ஸமோக்’ என்றால் பூட்டு, எழுத்து ஒன்றே. அழுத்தமில்லாத ‘ஒ’ எல்லாம் ‘அ’ பக்கம் சாய்ந்துவிடும். பால் என்ற சொல்லில் மூன்று ‘ஒ’ எழுதி, ‘மலகோ’ என்று சொல்வார்கள். அழுத்தக் குறி போடாமல் ஒரு சொல்லையும் நோட்டில் ஏற்றாதீர்கள். குறி இல்லாமல் படித்த சொல்லை மறுபடி திருத்துவது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம்.

மூன்று மணி நேர பஸ் பயணத்தை இதற்குக் கொடுங்கள். இலக்கணத்தை அங்கே திறக்க வேண்டாம். எழுத்து வடிவமும் கூடவே உள்ள இரண்டு நிமிஷ ஆடியோ ஒன்று போதும், ஒரு வாரத்துக்கு அதே ஒன்று. முதல் நாள் கேட்பது மட்டும். இரண்டாம் நாள் எழுத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாக்கியம் பின்தங்கி உதட்டுக்குள் கூடவே சொல்வது. புதிதாக எதையாவது தினம் கேட்டுக்கொண்டே இருந்தால் காது பழகும் என்று நினைப்பார்கள். புரியாத பேச்சு சத்தமாகவே நின்றுவிடும். கரண்ட்டும் நெட்டும் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யாங்கூனில் அந்த நேரத்துக்கு நெட்டை நம்பிப் படிக்க முடியாது.

ஆறு வாரம் முடிந்ததும் ஏ2 மாதிரித்தாள் ஒன்றை எடுத்து, சொல்-இலக்கணப் பகுதியைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். தேர்ச்சிக்கு 66 சதவீதம் வேண்டும். அதைத் தொட்டால் இந்தக் கேள்வியையே மறந்துவிட்டுப் படியுங்கள். 50-க்கு மேல் வந்தால் இன்னொரு பருவம் இதே முறையில் போகலாம். 50-க்குக் கீழே வந்து, உட்காரும்போதே வெறுப்பாகவும் இருந்தால், அப்போது அப்பா சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கலாம். மார்க் மட்டும் குறைவு, படிக்கப் பிடிக்கிறது என்றால் அது விடுவதற்குக் காரணம் ஆகாது.

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓராண்டுக்குள் வீட்டுக்குப் பணம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் ரஷ்ய மொழி அதைத் தராது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். கொரியாவுக்கு வேலை அனுமதித் திட்டத்தின் மொழித் தேர்வு, ஜப்பானுக்கு ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலையும் தொழில்திறன் தேர்வும் என்று அந்தப் பாதைகள் தெளிவாக இருக்கின்றன. ஆனால் கொரியத் தேர்வில் தேறிய அன்றே பயணம் கிடையாது. தேறியவர் பட்டியலில் பெயர் ஏறி, அங்குள்ள ஒரு முதலாளி தேர்ந்தெடுத்தால்தான் கிளம்ப முடியும். அந்தத் தேர்ச்சிக்கும் இரண்டு வருஷம்தான் ஆயுள். கிடைப்பது பெரும்பாலும் தொழிற்சாலை, பண்ணை வேலை. அது உங்களுக்குச் சம்மதமா என்பதை அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பட்டத்தை விட்டுப் போவதற்கும் முடித்துவிட்டுப் போவதற்கும் இடையில் இரண்டரை ஆண்டே வித்தியாசம் என்பதையும் சொல்லுங்கள்.

மாமா சொல்லும் ‘இலவசம்’ உண்மைதான், பாதி. ரஷ்ய அரசின் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, விடுதி மலிவு, மாதம் சிறு உதவித்தொகை உண்டு. விமானச் செலவு, மருத்துவக் காப்பீடு, சாப்பாட்டில் துண்டு விழும் பணம் எல்லாம் வீட்டிலிருந்துதான். விண்ணப்பத்தை ரஷ்ய அரசின் இணையதளத்தில் நீங்களே போடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ‘சீட் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் எதையும் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட், மார்க் சான்றிதழ்கள், எச்.ஐ.வி. பரிசோதனை சேர்ந்த மருத்துவச் சான்றிதழ், இவற்றின் ரஷ்ய மொழிபெயர்ப்பு ஆகியவை தயாராக இருக்க வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவுக்குள் வேலை செய்வதில்லை. வீட்டிலிருந்து பணம் எந்த வழியில் வரும் என்று தெரியாமல் கிளம்பக் கூடாது.

ஆனால் இப்போதே போவதை நான் ஆதரிக்க மாட்டேன். இப்போது போனால் அங்கே முதலாண்டிலிருந்து நான்கு வருஷம். மொழி பி1-க்குக் கீழே இருந்தால் அதற்கு முன் ஆயத்த வகுப்பு ஒரு வருஷம். இங்கே பி.ஏ.யை முடித்து, பி1 சான்றிதழோடு முதுகலைக்கு விண்ணப்பித்தால் அங்கே இரண்டு வருஷம். மொத்தக் கணக்கில் நீங்கள் ஒரு வருஷத்தை இழக்கவில்லை, கையில் இரண்டு பட்டம்.

வேலையைப் பற்றிக் கடிதத்தில் கேட்கவில்லை, ஆனால் அப்பாவின் கவலை அதுதானே. ரஷ்ய மொழி தெரிந்தவர்களுக்கான தேவை பர்மாவில் எப்போதும் அரசு உறவைப் பொறுத்தே ஏறி இறங்கியிருக்கிறது. 1955-இல் குருஷ்சேவும் புல்கானினும் ரங்கூன் வந்துபோனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் உதவியில் தொழில்நுட்பக் கல்லூரியும் இன்யா ஏரி ஹோட்டலும் எழுந்தன. பிறகு நீண்ட மந்தம். இப்போது மறுபடி ஏற்றம். 2025 மார்ச்சில் சிறு அணுமின் நிலையத்துக்கான ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகியிருக்கிறது. ஒப்பந்தம் வேறு, வேலை விளம்பரம் வேறு. ரஷ்ய மொழி மட்டும் வைத்துக்கொண்டு காத்திருப்பவரைவிட, அதனோடு கணக்குப்பதிவோ, இறக்குமதிக் காகித வேலையோ, மருத்துவச் சொற்களோ, சுற்றுலா வழிகாட்டி உரிமமோ சேர்த்து வைத்திருப்பவரைத்தான் தேடுவார்கள். மூன்றாம் ஆண்டிலேயே இதில் ஒன்றைத் தேர்ந்து, அந்தத் துறைச் சொற்களில் 300 சேர்த்து வையுங்கள். தமிழும் சேர்ந்தால் உங்களுக்கு மூன்று மொழிப் பாலம். கூடங்குளத்தில் ரஷ்ய உலைகள் ஓடுகின்றன. தமிழ்நாட்டு மாணவர்கள் மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறார்கள். தமிழ்-ரஷ்ய மொழிபெயர்ப்புக்கு வேலை இருக்கிறது, எழுத்து வேலை என்றால் தன்லினிலிருந்தே செய்யலாம். ஆனால் அதற்கு பி2 நிலையாவது வேண்டும். இன்றைக்கு அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அகராதி: 1965-இல் மாஸ்கோவில் ஆந்திரோனவ் முதலானோர் தொகுத்த ரஷ்ய-தமிழ் அகராதி வந்தது, 1960-இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் செய்த தமிழ்-ரஷ்ய அகராதி. வருடல் பிரதிகள் இணையத்தில் தேடினால் அகப்படும். சொற்கள் கொஞ்சம் பழசு, கணினி, செல்போன் எல்லாம் இருக்காது. வேற்றுமைப் பயிற்சிக்கான தமிழ் வாக்கியங்களைச் சரிபார்க்க அது போதும்.

கடைசியாக, போர்டில் இருக்கும் கையெழுத்து. இதை நீங்கள் சின்ன விஷயம் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். 41-இல் இதற்கும் பங்கு இருக்கலாம், ஏனென்றால் போர்டைத் தப்பாகப் பார்த்து எழுதிய நோட்டைத்தானே படித்திருப்பீர்கள். அச்சில் இருக்கும் எழுத்தும் கையால் எழுதுவதும் ரஷ்ய மொழியில் வெவ்வேறு உருவம். ‘த’ ஒலிக்கு உரிய எழுத்து கையெழுத்தில் ஆங்கில எம் மாதிரி இருக்கும், ‘ப’ ஒலியின் எழுத்து ஆங்கில என் மாதிரி, ‘இ’ ஆங்கில யு மாதிரி, அதிர்கிற ‘த’ ஆங்கில ஜி மாதிரி வால் விடும். எல், எம், ஷ, இ ஆகிய ஒலிகளின் எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒரே அலை அலையாகத் தெரியும். அங்கே ஓர் அடையாளம் பாருங்கள்: ‘ல’, ‘ம’ எழுத்துகள் ஆரம்பிக்கும்போது அடியில் சிறு கொக்கி இருக்கும், ‘ஷ’ எழுத்தில் இருக்காது. படிக்கப் பழகுவதற்கு எழுதிப் பழகுவதுதான் வழி. ரஷ்யக் குழந்தைகள் எழுதிப் பழகும் சாய்கோட்டு நோட்டுப் பக்கங்களை அச்செடுத்து, தினம் ஒரு பக்கம், மூன்று வாரம் எழுதுங்கள். அதுவரை வகுப்பு முடிந்ததும் போர்டை போனில் படம் பிடித்து, அன்று இரவே புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து நோட்டைத் திருத்திவிடுங்கள்.